வீட்டுக் கணினியை வைத்து வேற்றுலக உயிர்களைத் தேடுவது: எது நடக்கும், எது நடக்காது

கேள்வி இதுதான்: "வேற்றுலகச் சிக்னலைத் தேட வீட்டுக் கணினிகளைப் பயன்படுத்திய ஸெட்டி@ஹோம் திட்டம் நின்றுபோய்விட்டது. என்னிடம் 16 ஜிபி ராம், நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. பைத்தான் ஓரளவு தெரியும். வேற்றுலக உயிர்த் தேடலில் இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? மாடியில் ஒரு ஆன்டெனா வைத்தால் ஏதாவது கேட்குமா?"

கணினியை வைத்து உண்மையான வேலை செய்யலாம். ஆன்டெனாவை வைத்து நிறையக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் வேற்றுலகத்தார் யாரும் அதில் கேட்க மாட்டார்கள். ஏன் என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஸெட்டி@ஹோம் தோற்றுப்போனதால் மூடிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் அதை 1999 மே 17 அன்று தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் டிஷ் வேறு யாருடைய ஆய்வுக்கோ வேலை செய்துகொண்டிருக்கும்போதே, 1420 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வந்ததையெல்லாம் இன்னொரு ஏற்பி ஓரமாகப் பதிவு செய்தது. 35 ஜிபி டேப்புகள் தபாலில் பெர்க்லிக்குப் போயின. அங்கே அலைப்பட்டையை 256 கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமும் 107 விநாடி நீளமும் உள்ள துண்டுகளை எடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 350 கேபி. அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் சுழலும் கோளில் இருந்தால் அதிர்வெண் மெல்ல நகரும் அல்லவா? அந்த நகர்வு விகிதத்தை ஆயிரக்கணக்கான வகையில் ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் திருத்தி, ஃபூரியர் உருமாற்றம் (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) செய்து பார்ப்பதுதான் வீட்டுக் கணினியின் வேலை. வானில் ஒரு புள்ளி அந்த டிஷ்ஷின் பார்வையைக் கடக்க 12 விநாடி போல ஆகும். அதனால் 12 விநாடியில் மெல்ல ஏறி இறங்கும் சிக்னலுக்குத் தனி மதிப்பு. ஒரே துண்டைக் குறைந்தது இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடையை ஒப்பிடுவார்கள். ஓவர்கிளாக் செய்த, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்ட கணினிகள் தப்பான விடை தரும். தரவரிசைப் பட்டியலில் முன்னேற விடையை இட்டுக்கட்டி அனுப்பியவர்களும் இருந்தார்கள்.

2020 மார்ச் 31-ல் புதுத் துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்த கணக்கில் சுமார் 1,200 கோடிப் பதிவுகள் சேர்ந்திருந்தன. கணக்கிட ஆள் இருந்தார்கள், கழிக்கத்தான் ஆள் இல்லை. ரேடார், செயற்கைக்கோள், பழுதான மின்சாதனம் என்று நம்முடைய சத்தத்தையெல்லாம் அந்தக் குவியலிலிருந்து நீக்கும் வேலை ஒரு சிறு குழுவின் தலையில் விழுந்தது. அவர்கள் அதை வருடக்கணக்கில் சலித்து நூறு போல ஆக்கி, சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியால் அந்த இடங்களை மறுபடி பார்க்கும் கட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அரெசிபோவையே திருப்பிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. அது 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது.

ஆகவே "என் கணினிக்கு எவ்வளவு வேகம்" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். இந்தத் துறையில் பஞ்சம் இருப்பது கழிக்கத் தெரிந்தவர்களுக்கு.

கணினியை ஓடவிட்டால் போதும், நான் எதையும் தொட மாட்டேன் என்பவர்களுக்கு ஒரு வழி. ஸெட்டி@ஹோம் பயன்படுத்திய அதே பாயிங்க் மென்பொருளில் (கணினியின் ஓய்வு நேரத்தை ஆய்வுக்குக் கொடுக்க உதவுவது) ஐன்ஸ்டைன்@ஹோம் ஓடுகிறது. அது தேடுவது பல்சர்களையும் (சீராகத் துடிக்கும் சுழல் நட்சத்திரங்கள்) ஈர்ப்பலைகளையும், உயிர்களை அல்ல. ஆனால் வீட்டுக் கணினிகள் நிஜமாகவே கண்டுபிடித்த பொருள்கள் அதன் கணக்கில் இருக்கின்றன. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள் அரெசிபோ தரவிலிருந்து பிடித்த பிஎஸ்ஆர் ஜே2007+2722 என்ற பல்சர் 2010-ல் அறிவிக்கப்பட்டது. இதில் சேருமுன் மின்கட்டணத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 150 வாட் இழுக்கும் கணினி 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 3.6 யூனிட், தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் 216 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்தால் அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ளிவிடும். பாயிங்க் அமைப்பில் சிபியு பயன்பாட்டை 50 சதவீதமாக்கி, கணினி சும்மா இருக்கும்போது மட்டும் ஓடும்படி வையுங்கள். லேப்டாப்பில் வேண்டாம். சித்திரை வெயிலில் ஃபேனும் பேட்டரியும் தாங்காது.

இனி நீங்கள் கேட்ட உருப்படியான வேலைக்கு வருவோம். வேற்றுலக ரேடியோ சிக்னலைத் தேடும் பிரேக்த்ரூ லிசன் திட்டம் 2015-ல் அறிவிக்கப்பட்டது. பத்து ஆண்டுக்கு 10 கோடி டாலர். மேற்கு வர்ஜீனியாவின் 100 மீட்டர் கிரீன் பேங்க் தொலைநோக்கியும் ஆஸ்திரேலியாவின் 64 மீட்டர் பார்க்ஸும் அதன் முக்கியக் கருவிகள். தரவின் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அலசும் மென்பொருளும் இலவசம். பிளிம்பி கோப்பைத் திறந்து படம் வரையும், டர்போஸெட்டி நகரும் சிக்னலைத் தேடும், ஸெட்டிஜென் போலி சிக்னலைக் கலந்து கொடுக்கும்.

லினக்ஸ் இருந்தால் நல்லது. விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-இல் உபுண்டு போட்டுக்கொள்ளலாம். இவை வயதான தொகுப்புகள் என்பதால் நேற்று வந்த பைத்தானில் நிறுவினால் நம்பை என்ற கணக்குத் தொகுப்பின் பதிப்போடு மோதும். தனி விர்ச்சுவல் என்விரான்மென்டில் சற்றுப் பழைய பைத்தானோடு நிறுவுங்கள். எச்டிஎஃப்5பிளகின் என்ற தொகுப்பையும் மறக்காமல் போடுங்கள். தரவுக் கோப்புகள் பிட்ஷஃபிள் என்ற முறையில் சுருக்கப்பட்டவை. அந்தப் பிளகின் இல்லாவிட்டால் கோப்பு பழுது என்பதுபோல ஒரு பிழைச் செய்தி வரும்; பலர் இங்கேயே கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கி அலுத்து விட்டுவிடுகிறார்கள்.

முதல் கோப்பு வாயேஜர் 1 விண்கலத்தின் சிக்னல். கிரீன் பேங்க் 2015 இறுதியில் பதிவு செய்தது, பயிற்சிக்கென்றே வைத்திருக்கிறார்கள். சுமார் 2,000 கோடி கி.மீ. தொலைவிலிருந்து ஏறக்குறைய 20 வாட்டில் ஒரு மனிதக் கருவி அனுப்பும் சிக்னல். டர்போஸெட்டியில் அதிகபட்ச நகர்வு விநாடிக்கு 4 ஹெர்ட்ஸ், சிக்னல்-இரைச்சல் வரம்பு 10 என்று கொடுத்து ஓட்டினால் மூன்று ஹிட்கள் (பிடிபட்ட சிக்னல்கள்) வர வேண்டும். 8419.297 மெகாஹெர்ட்ஸில் பலமான நடு அலை, இருபுறமும் சுமார் 22.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு பக்க அலைகள். நடு அலையின் பலம் (சிக்னல்-இரைச்சல் விகிதம்) 245 போல, பக்கத்தவை 30 போல. நகர்வு விநாடிக்கு ஏறக்குறைய -0.37 முதல் -0.39 ஹெர்ட்ஸ். இந்த எண்கள் வராவிட்டால் நிறுவியதில் கோளாறு, மேலே போகாதீர்கள்.

அந்த நகர்வு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பூமியின் சுழற்சியிலிருந்து. நிலநடுக்கோட்டில் அந்தச் சுழற்சியின் முடுக்கம் 0.034 மீ/வி². 8.4 கிகாஹெர்ட்ஸில் அது விநாடிக்கு அதிகபட்சம் 0.95 ஹெர்ட்ஸ், 1420 மெகாஹெர்ட்ஸில் 0.16 ஹெர்ட்ஸ் ஆகும். இதை வைத்துத்தான் முதல் வடிகட்டல். துளியும் நகராத சிக்னல் நம்மோடு சேர்ந்தே சுழல்கிறது, அதாவது தரையில் இருக்கிறது. டர்போஸெட்டியின் நிகழ்வு தேடும் பகுதி பூஜ்ய நகர்வு ஹிட்களைத் தள்ளிவிடும். ஒவ்வொரு பெரிய சேனலின் நடுவிலும் ஒரு கூரான முள் தெரியும். அது கருவியின் டிசி எச்சம், அதாவது கருவியே போடும் குறி. முதல் வாரத்தில் எல்லோரும் இதைப் பார்த்துத் துள்ளுவார்கள்.

பயிற்சி முடிந்து முழுக் கோப்புகளுக்குப் போகும்போது இடத்தைப் பாருங்கள். இந்த நுண்பிரிப்புக் கோப்புகளில் ஒரு சேனல் 2.79 ஹெர்ட்ஸ், ஒரு வரிசை 18.25 விநாடி, 5 நிமிடத்துக்கு 16 வரிசைகள். 1.1 முதல் 1.9 கிகாஹெர்ட்ஸ் வரை எடுத்தால் 28 கோடி சேனலுக்கு மேல். ஒரு எண்ணுக்கு 4 பைட் வீதம் சுருக்காமல் 18 ஜிபி. ஒரு நட்சத்திரத்துக்கு இப்படி ஆறு கோப்புகள். ராம் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய சேனல் ஒன்று 2.93 மெகாஹெர்ட்ஸ், அதாவது 67 எம்பிதான், அப்படித் துண்டு துண்டாகத்தான் மென்பொருள் படிக்கிறது. உங்கள் 16 ஜிபி தாராளம். காலி இடம் 200 ஜிபி உள்ள எஸ்எஸ்டி வேண்டும், மாதாந்திர டேட்டா வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஆறு கோப்புகள்? நட்சத்திரத்தை 5 நிமிடம், பிறகு பக்கத்தில் வேறொரு இடத்தை 5 நிமிடம், மறுபடி நட்சத்திரம் என்று மாறி மாறி அரை மணி நேரம் பார்க்கிறார்கள். மூன்று ஆன், மூன்று ஆஃப். 1420 மெகாஹெர்ட்ஸில் கிரீன் பேங்கின் பார்வை அகலம் சுமார் 9 ஆர்க்நிமிடம், நிலாவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சிக்னல் அந்த நட்சத்திரத்திலிருந்து வந்தால் ஆன் மூன்றிலும் இருக்கும், ஆஃப் மூன்றிலும் இருக்காது. தரைச் சிக்னல் பக்கவாட்டில் கசிந்து வருவதால் ஆறிலும் இருக்கும்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரம்பு 10 என்று வைத்திருக்கிறீர்கள். ஒரு செயற்கைக்கோள் ஆன்-இல் 11 பலத்தோடும் ஆஃப்-இல் 9.5 பலத்தோடும் வருகிறது. மென்பொருளுக்கு அது ஆன்-இல் மட்டும் இருக்கும் அற்புதச் சிக்னல். ஆன்-இல் மட்டும் இருப்பதாக மென்பொருள் காட்டுவதை 'நிகழ்வு' என்கிறோம்; பொய் நிகழ்வுகளில் பெரும்பாலானவை இந்த வகை. அதனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆறு கோப்பையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய வாட்டர்ஃபால் படத்தை (அதிர்வெண் ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம்) வரைந்து கண்ணால் பாருங்கள். ஆஃப் பட்டைகளில் மங்கலாகவாவது அதே சாய்வில் கோடு தொடர்கிறதா? தொடர்ந்தால் அங்கேயே முடிந்தது. நகர்வு விகிதம் நடுவில் மாறும் சிக்னல் இன்னொரு தொல்லை. அடுத்த கோப்பில் எங்கே இருக்கும் என்று மென்பொருள் ஊகித்த இடத்தைத் தாண்டி ஓடிவிடும், ஆஃப்-இல் இல்லை என்று தவறாகப் பதிவாகும். படத்தைச் சற்று அகலமாக வரைந்தால் பிடிபடும்.

பிறகு அதிர்வெண்ணைப் பாருங்கள். 962 முதல் 1213 வரை விமானங்களின் தூரம் அளக்கும் கருவிகள், 1090-இல் விமானங்கள் தம் இருப்பிடத்தைச் சொல்வது, 1227.6 மற்றும் 1575.42 ஜிபிஎஸ், 1600 அருகே ரஷ்யாவின் குளோனாஸ், 1616 முதல் 1626.5 வரை இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் (எல்லாம் மெகாஹெர்ட்ஸ்). இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குள் விழுந்ததற்காக மட்டும் ஒன்றைத் தள்ள வேண்டாம். ஆனால் நிரூபிக்கும் சுமை பத்து மடங்கு.

இதெல்லாம் தாண்டியும் ஏமாறலாம். 2019 ஏப்ரல் 29 அன்று பார்க்ஸ் தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியைப் பார்க்கும்போது 982.002 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் பதிவானது. ஆன்-இல் மட்டும் இருந்தது, நகர்ந்தது, அந்தக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அறியப்பட்ட டிரான்ஸ்மிட்டர் எதுவும் இல்லை. தரவில் அதைக் கண்டெடுத்தவர் ஷேன் ஸ்மித் என்ற இளங்கலை மாணவர். அதற்கு பிஎல்சி1 என்று பெயரிட்டார்கள். சோபியா ஷேக் தலைமையிலான குழு 2021-ல் அதை அவிழ்த்தது: அதே சாய்வோடு நடக்கும் வேறு பல சிக்னல்கள் மற்ற அதிர்வெண்களில் இருந்தன, அவற்றின் இடைவெளிகள் சாதாரண மின்னணுக் கருவிகளின் கடிகார அதிர்வெண்களோடு பொருந்தின, சில ஆஃப்-இலும் தெரிந்தன. இரண்டு கடிகாரங்களின் அலைகள் கலந்து உருவான குட்டி அது. ஆகவே ஒரு நிகழ்வு மிஞ்சினால் அந்த ஒரு கோட்டையே முறைத்துப் பார்க்காமல், முழு அலைப்பட்டையிலும் அதே நகர்வு விகிதம் உள்ள உறவினர்களைத் தேடுங்கள்.

வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். 2017-ல் வெளியான முதல் பெரிய அலசலில் கிரீன் பேங்க் 692 நட்சத்திரங்களைப் பார்த்தது. கடைசியில் 11 நிகழ்வுகள் மிஞ்சின, பதினொன்றும் நம்முடையவையே. 2023-ல் டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் பீட்டர் மா 820 நட்சத்திரங்களின் பழைய தரவை ஆழ்கற்றல் முறையில் மறுபடி அலசி, முந்தைய தேடல்கள் தவறவிட்ட 8 சிக்னல்களை எடுத்தார். மறுபடி பார்த்தபோது அவை வரவில்லை. அதனாலேயே அந்த வேலை வீண் என்று சொல்ல மாட்டேன். பழைய தரவில் பழைய முறை எதைத் தவறவிடும் என்பதை அது காட்டியது. வீட்டிலிருந்து செய்பவர் நோட்டமிட வேண்டிய இடமும் அதுவே.

உதாரணம் ஒன்று. 2.79 ஹெர்ட்ஸை 18.25 விநாடியால் வகுத்தால் 0.15. விநாடிக்கு 0.15 ஹெர்ட்ஸுக்கு மேல் நகரும் சிக்னல், ஒரே வரிசை முடிவதற்குள் பல சேனல்களில் தீற்றிவிடும், பலம் பங்காகிவிடும். விநாடிக்கு 3 ஹெர்ட்ஸ் நகர்வது சுமார் 20 சேனல்களில் பரவும். மென்பொருள் 4 வரை தேடுகிறேன் என்று சொன்னாலும் அங்கே அதன் கண் மங்கல். எவ்வளவு மங்கல் என்று அளக்க ஸெட்டிஜென் இருக்கிறது. உண்மையான கோப்பில் வெவ்வேறு பலம், வெவ்வேறு நகர்வில் நூறு போலி சிக்னல்களைக் கலந்து, எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று அட்டவணை போடுங்கள். பிறகு தேடும் முறையை மாற்றி மறுபடி அளவிடுங்கள். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற முடிவுக்கு அந்த அட்டவணை இருந்தால்தான் மதிப்பு. உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு உருப்படியாக உழைப்பதும் இங்கேதான்.

நிரல் எழுத வராத நண்பர்கள் இருந்தால், பொதுமக்கள் ஆய்வுக்கு உதவும் ஜூனிவர்ஸ் தளத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்திய ஸெட்டி திட்டத்தை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியோப் படங்களைக் கண்ணால் வகைப்படுத்தும் வேலை.

இப்போது மாடி. கேபிள் டிவிக்காரர்கள் கைவிட்ட 6 அடி கம்பிவலை டிஷ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளி ஹைட்ரஜன் அனுப்பும் 21 செ.மீ. (1420 மெகாஹெர்ட்ஸ்) அலைக்கு 2 செ.மீ.க்குக் குறைவான கண்ணுள்ள வலை போதும், துரு பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஃபீடுக்கு (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் பகுதி) 16 செ.மீ. விட்டம், 25 செ.மீ. ஆழம் உள்ள தகர டப்பா. அடித்தட்டிலிருந்து 8.3 செ.மீ. தள்ளி ஓட்டை போட்டு, கனெக்டரில் 5 செ.மீ. செம்புக் கம்பியைப் பற்றவைத்து உள்ளே நிறுத்துங்கள். அதை ஒட்டியே 1420-க்கான ஃபில்டர் உள்ள எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி), கீழே கேபிள், கடைசியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (ரேடியோ அலையைக் கணினிக்குள் எடுக்கும் யுஎஸ்பி கருவி). எல்என்ஏவைக் கீழே கணினி பக்கம் வைப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. 20 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள் இந்த அதிர்வெண்ணில் 5 டெசிபெல் போல விழுங்கும். எல்என்ஏவுக்கு முன்னால் அந்த இழப்பு வந்தால் 600 கெல்வினுக்கு மேல் இரைச்சல் சேர்ந்துவிடும். ஃபில்டர் இல்லாத எல்என்ஏ வாங்கினால் பக்கத்து மொபைல் டவரே அதை மூழ்கடித்துவிடும்.

டாங்கிளை 1420.4 மெகாஹெர்ட்ஸில், விநாடிக்கு 24 லட்சம் மாதிரி வேகத்தில் வைத்து, 2048 புள்ளி உருமாற்றத்தை 5 நிமிடம் சராசரி எடுங்கள். பால்வீதிப் பட்டை டிஷ்ஷைக் கடக்கும்போது ஹைட்ரஜன் மேடு தெரியும். வேகத்தில் 1 கி.மீ./வி மாற்றம் 4.74 கிலோஹெர்ட்ஸ் நகர்த்தும் என்பதால் சுருள் கரங்கள் தனித்தனி மேடுகளாகப் பிரியும். ஆனால் ஃபில்டரின் வடிவமே மேடு போலத்தான் இருக்கும். பால்வீதியிலிருந்து விலகிய வானத்தை அதே அமைப்பில் எடுத்து, அதனால் வகுத்த பிறகும் மேடு நின்றால்தான் ஹைட்ரஜன்.

வேற்றுலகத்தார்? 6 அடி டிஷ்ஷின் பயனுள்ள பரப்பு 1.45 ச.மீ., அமைப்பின் இரைச்சல் 100 கெல்வின் என்று வையுங்கள். 1 ஹெர்ட்ஸ் அகலத்தில் 300 விநாடி கூட்டி, இரைச்சலைப் போல 10 மடங்கு பலம் கேட்டால், தேவை ச.மீ.க்கு 1.1×10⁻²¹ வாட். மனிதர்கள் அனுப்பிய மிகப் பலமான கற்றைகளில் ஒன்று அரெசிபோ ரேடாருடையது. எல்லாத் திசைக்கும் அனுப்பியிருந்தால் 2×10¹³ வாட் தேவைப்பட்டிருக்கும் என்ற அளவு பலம். அது நேராக உங்களைப் பார்த்து வந்தாலும் 4 ஒளியாண்டு வரைதான் கேட்கும். பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டில் இருக்கிறது. அதுவும் டாங்கிளின் கடிகாரம் 5 நிமிடம் 1 ஹெர்ட்ஸ் பிசகாமல் நின்றால், அது நிற்காது. அதே சிக்னல் கிரீன் பேங்குக்கு 500 ஒளியாண்டுக்கு மேலிருந்தும் கேட்கும். அதனால்தான் மாடியில் கற்றுக்கொண்டு, அவர்கள் தரவில் தேடுங்கள் என்கிறேன்.

எல்லாச் சல்லடையையும் தாண்டி ஒன்று மிஞ்சிவிட்டால் உடனே யூடியூபுக்கு ஓட வேண்டாம். கோப்பின் பெயர், அதிர்வெண், நகர்வு, பலம், ஆறு பட்டைப் படம், போட்ட கட்டளைகள், மென்பொருள் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் வையுங்கள். அதே நட்சத்திரத்தை வேறு நாளில் எடுத்த தரவு கிடைக்கிறதா என்று தேடி அதிலும் ஓட்டுங்கள். அதே நாளில் அதே தொலைநோக்கி பார்த்த வேறு நட்சத்திரங்களின் கோப்பில் அந்த அதிர்வெண்ணை ஒட்டி 1 மெகாஹெர்ட்ஸ் வரை பாருங்கள். பெரும்பாலான கனவுகள் இங்கே கலையும். அதற்குப் பிறகும் நின்றால் தரவை வெளியிட்ட குழுவுக்கு எழுதுங்கள். மறுபடி டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்க அவர்களால்தான் முடியும்.